நூற்றுப் பதினைந்தாவது பீரியட்

மார்ச் 11, செவ்வாய்

காலை எட்டிலிருந்து இரண்டு வரை பள்ளிக்கூடம். மூன்றரையிலிருந்து ஒன்பது வரை டியூஷன். நடுவில் காரில் ஆறிப்போன சீஸ் பப்ஸ். விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. என் மேலேயே எனக்கு நாத்தம் அடிக்கிறது. சே! இதுக்குப் பேர் பதினேழு வயசாம்.

கவாலாவில், இந்தக் கிரேக்க ஊரில், எந்த வீட்டிலும் இதே கூத்துதான். ஜூனில் பொதுத்தேர்வு. அதுவரை நாங்கள் மனுஷப் பிறவி இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இருபத்துநாலு பேரில் இன்று ஒன்பது பேர் வந்திருந்தோம். மற்றவர்களுக்குக் காய்ச்சலாம். வீட்டில் உட்கார்ந்து டியூஷன் பாடம் படிக்கிற காய்ச்சல். வருஷத்துக்கு நூற்றுப் பதினாலு பீரியட் வராமல் இருக்கலாம். அதுக்கு மேல் ஒரு பீரியட் போனாலும் வருஷமே போச்சு, தேர்வும் கிடையாது. அதனால் எல்லா அம்மாக்களும் கணக்குப் பார்த்துப் பார்த்து லீவு போட வைக்கிறார்கள்.

முதல் மார்க் வாங்கிய பாவத்துக்கு, வராதவர் பதிவேடு என் தலையில். ஒவ்வொரு பீரியடும் பெயர் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கணும்.

வகுப்பில் இரண்டாவது அக்லையா. என்னைவிட அரை மார்க் கம்மி. அவளுக்கும் மருத்துவம்தான் வேணும். நூற்றுப் பதினாலையும் தீர்த்துவிட்டாள். "இனிமே செத்தாலும் இங்க வந்துதாண்டி சாகணும்" என்று சிரித்தாள்.

மார்ச் 19, புதன்

இரண்டாவது பீரியட், மதப்பாடம். அக்லையாவின் இடம் காலி. பெயரை எழுதினேன். வ்ரெட்டோஸ் சார் நிமிர்ந்தே பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

மணி அடித்ததும் கடைசி பெஞ்சில் கோட்டுக் குவியல் அசைந்தது. உள்ளே அவள்! தூங்கியிருக்கிறாள். கன்னத்தில் எச்சில் காய்ந்திருந்தது.

"என்னடி முழிக்கிறே?" என்றாள். பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

மார்ச் 20, வியாழன்

தலைமையாசிரியர் அக்லையாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நூற்றுப் பதினைந்து. "நான் அங்கதான் சார் இருந்தேன்" என்று அழுதாள். வ்ரெட்டோஸ் சார், "நான் பார்க்கலையே. கையெழுத்துப் போட்டாச்சும்மா" என்றார். குனிந்த தலை நிமிராமல் போட்டேன் என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. தூ!

என்னைக் கேட்டார்கள். தூக்கக் கலக்கம், கவனிக்கலை என்றேன்.

காரில் அம்மா: "பாவம்தான். ஆனா ஒரு போட்டி குறைஞ்சுதுல்ல? நீ பாட்டுக்கு வாயை மூடிட்டு இரு." சொல்லிக்கொண்டே பப்ஸை நீட்டினாள்.

மார்ச் 24, திங்கள்

டியூஷனுக்கு அவள் வருவதில்லை. அவள் நாற்காலியில் ஒருத்தன் பையை வைத்துவிட்டான். யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கு மட்டும் வருகிறாள், யாராவது மனசு மாறுவார்களா என்று.

மார்ச் 26, புதன்

எழுதித்தான் ஆகணும்.

தூக்கக் கலக்கம் ஒண்ணும் இல்லை. கோட்டுக்கு வெளியே அவளோட பச்சை சாக்ஸ் தெரிஞ்சுது. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் எழுதினேன். எதுக்கு? அரை மார்க்குக்கு. வ்ரெட்டோஸைத் துப்ப எனக்கு என்ன யோக்யதை இருக்கு? சீ... என்ன ஜென்மம் நான்!

மார்ச் 28, வெள்ளி

ஆசிரியர் கூட்டத்தில் நுழைந்து சொல்லிவிட்டேன். சாக்ஸ் உட்பட. "வேணும்னேவா?" என்றார் தலைமையாசிரியர். ஆமாம் என்றேன். வ்ரெட்டோஸ் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, தானும் கவனிக்காமல்தான் போட்டதாக முனகினார்.

அந்த பீரியடை அடித்துவிட்டார்கள். அவள் தேர்வு எழுதலாம். பதிவேட்டை என்னிடமிருந்து பிடுங்கி, வழக்கப்படி அடுத்த மார்க்குக்காரியிடம் கொடுத்தார்கள். அக்லையாவிடம்! நூற்றுப் பதினாலு பீரியட் வராதவள்.

அவளிடம் நானே போய்ச் சொன்னேன். "போடி" என்றாள். அவ்வளவுதான்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இன்று பள்ளிக்கும் போகவில்லை, டியூஷனுக்கும் போகவில்லை. புத்தகத்தைத் தொடவும் இல்லை. அம்மா கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனாள்.

சாயங்காலம் போன். அக்லையா.

"ஏழு பீரியடுக்கும் உன் பேரை எழுதிட்டேன்."

"சரி."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"தூங்கினியாடி?"

"தூங்கினேன்."

"நல்லாவா?"

"ம்."

"பொறாமையா இருக்குடி" என்றாள்.