வல்லக்கோட்டையில் பின்னால் போன வண்டி

காலையில் பால் காய்ச்சப் போனேன். அடுப்படி முழுக்க கிரீஸ் வாசனை. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் சட்டையில் நான் சோப்புப் போட்டுப் போட்டுத் தோற்ற அதே வாசனை. ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டீர்கள் என்றே ஒரு கணம் நினைத்துத் திரும்பிவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு பங்குனி உத்திரமும் தாண்டிவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அடுப்பு மேடையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அந்தக் குட்டைக் கியர் கம்பியை வைத்திருந்தாள் உங்கள் மகள். பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவைத்தீர்களே, அதேதான். துடைத்துப் புதிதாக கிரீஸ் தடவியிருந்தாள்.

"இன்னாடி இது, சோறு பொங்குற எடத்துல?"

"அப்பா வண்டிக்கும்மா. இத்த மாட்டப் போறேன்."

பால் பொங்கி வழிந்தது. அப்புறம்தான் அடுப்பை அணைத்தேன்.

அந்த வண்டி வந்த நாளிலிருந்தே எனக்கு அதனிடம் பயம். வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். வேண்டாம் என்று எல்லோரும் கைகழுவியதை லாரியில் ஏற்றிவந்து குன்றத்தூர் வீட்டு வாசலில் இறக்கினீர்கள். ஒரகடம் கார் கம்பெனியில் வாரம் முழுக்க லைனில் நின்று கியர்பாக்ஸ் கோக்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலையா என்று கேட்டேன். "லைன்ல கோக்குதது ஊரான் வண்டிட்டி. இது நம்ம வண்டி" என்றீர்கள். இத்தனை வருடம் இந்தப் பக்கம் இருந்தும் திருநெல்வேலிப் பேச்சு உங்களை விட்டுப் போகவில்லை.

வண்டி ஓடத் தொடங்கியதும் உங்களுக்கு ஒரே குறை, கியர் கம்பி. நீளமாக இருக்கிறது, ஒவ்வொரு கியருக்கும் கை அரை முழம் போய் வருகிறது என்பீர்கள். "டவுன் பஸ் ஓட்டுத மாதிரில்லா இருக்கு!" அதற்காகத்தான் இந்தக் குட்டைக் கம்பியை வரவழைத்தீர்கள். மணிக்கட்டை அசைத்தால் போதும், கியர் விழுந்துவிடும் என்று, இனிப்புப் பெட்டியைத் திறப்பவர்போல அந்த அட்டைப் பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினீர்கள். நீங்களே மாட்டி முடித்தீர்கள். வண்டியில் புதிதாக எது வந்தாலும் முதல் ஓட்டம் வல்லக்கோட்டை முருகனிடம்தான் என்பது என் கண்டிப்பு. அதன்படியே போனோம். போகும்போது நன்றாகத்தான் ஓடியது. ஒவ்வொரு கியரைப் போட்டதும் என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கிக்கொண்டே வந்தீர்கள்.

பூஜை முடிந்ததும் குருக்கள் சிவப்புக் கயிற்றை உங்கள் கையில் கொடுத்தார். வருடா வருடம் பழைய கம்பியில் கட்டுவதுபோலவே புதியதிலும் கழுத்தில் பல சுற்றுச் சுற்றி, முறுக்கி, முடிச்சுப் போட்டீர்கள். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் ஓரமாக நின்று கும்பிட்டேன். முன்னால் போகப்போகிற வண்டிதானே என்று, பத்தாவது படித்துக்கொண்டிருந்த நம் பெண் அதன் பின்பக்கம் போய் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டீர்கள். வண்டி பின்னால் பாய்ந்தது.

பழம் நசுங்கும் சத்தத்துக்குப் பதில் அவள் அலறல் கேட்டது. எப்படி பிரேக்கை மிதித்தீர்களோ, பம்பர் அவள் முழங்காலைத் தொட்டு நின்றது. அவளுக்குப் பின்னால் கல்தூண். நடுவில் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கும் இடம்தான் மிச்சம் இருந்தது. அந்த இடத்தில்தான் நம் பிள்ளை ஒடுங்கி நின்றாள்.

பூக்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "யோவ், முன்னாடி ரோடு கீது, பின்னாடி இன்னாயா வச்சிக்கீற? பெத்த புள்ளயவே சாவடிக்கப் பாத்தியே!"

நீங்கள் இறங்கி ஓடிவந்தீர்கள். பெண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து, அந்தக் கம்பியின்மேல் குனிந்து, வெகுநேரம் அசையாமல் இருந்தீர்கள். அழுகிறீர்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கயிற்றை அவிழ்த்து உங்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"பார்ட்டு சரியில்லட்டி. பழசையே மாட்டிருதேன்."

சொன்னபடியே மாட்டினீர்கள். அதற்குப் பிறகு எந்த வருடமும் கியர் கம்பியில் கயிறு ஏறவில்லை. "கையில கெடந்தா கூடவே வரும்லா" என்பீர்கள். சன்னதிக்குள் வரச் சொன்னால் செருப்பைக் காரணம் காட்டி வெளியிலேயே நிற்கிற மனிதருக்கு இப்படி ஒரு பக்தியா என்று நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

இன்று காலையில் அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "அந்தச் சனியன மாட்டுனீன்னா வண்டி சாவிய மறந்துடு."

"பழசு மட்டும் ரொம்ப நல்லதா? போன வெள்ளிக்கெழம இன்னா ஆச்சுன்னு சொல்லு பாப்போம்."

மறக்கக்கூடியதா அது? கோயிலிலிருந்து திரும்பும்போது ஒரகடம் சாலையில், பின்னால் கன்டெய்னர் லாரி வர, வேகம் எடுக்க வேண்டிய இடத்தில் கியர் விழவே இல்லை. ஆடுகிற பல்மாதிரி கம்பி அவள் கையில் இப்படியும் அப்படியும் துவண்டது. லாரிக்காரன் அடித்த ஹாரன் என் முதுகுத்தண்டில் கேட்டது. எப்படியோ ஓரம் கட்டினாள். வேலும் மயிலும் துணை என்பதைக்கூட முழுதாகச் சொல்ல என் நாக்குப் புரளவில்லை. கம்பியை அடியில் ஆடாமல் பிடிக்கிற புஷ் தேய்ந்துபோயிற்று, பழையதற்கு இனிமேல் கிடைக்காது என்று மெக்கானிக் சொல்லிவிட்டாராம். குட்டைக் கம்பிக்கு அதன் புஷ் கூடவே வந்திருக்கிறதாம்.

பழையதை விட்டுவைத்தால் ஒரு பயம், புதியதை மாட்டினால் ஒரு பயம். வீட்டுக் கணக்கில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதுகிற மாதிரி மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அவள் பெயர்தான் இருந்தது.

"வித்துடலாம்டி" என்றேன்.

"அப்பா உக்காந்த சீட்டும்மா அது. எவன் கையிலயோ குடுத்துடுவியா?"

அந்தச் சீட்டை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கும் மனமில்லை. ஆனால் புரியாத எதற்கும் நான் தலையாட்டுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எட்டாவதோடு நின்றவள், மிச்சத்தையெல்லாம் உங்களைக் கேட்டுக் கேட்டு, பிடுங்கிப் பிடுங்கிக் கற்றுக்கொண்டவள். "இது எப்படி வேல செய்யுது, காட்டு" என்று மேடைமுன் நின்றேன்.

காட்டினாள். "ஃபர்ஸ்டும் ரிவர்ஸும் பக்கத்துப் பக்கத்து வூடும்மா. தெரியாம அந்த வூட்டுக்குள்ள பூந்துடக் கூடாதுன்னு கைப்பிடிக்குக் கீழ இந்த ரிங்கு. இத்த மேல தூக்குனாதான் ரிவர்ஸ் விழும். இல்லாட்டி விழாது."

தூக்கிப் பார்த்தேன். விட்டதும் கீழே இறங்கியது. பழைய கம்பியிலும் இதே ரிங் உண்டாம். ஆனால் அது நெட்டை, கயிறு கட்ட இடம் இருந்தது. இதில் ரிங்குக்குக் கீழே ஒரு விரல்கூட நுழையாது.

அங்கே விரலை வைத்துப் பார்த்தேன். "இதுக்குக் கீழ கயிறு சுத்தி இருந்தா?"

அவள் என்னையே பார்த்தாள். பூஜை அறைக்குப் போய் ஒரு கயிற்றை எடுத்துவந்து சுற்றினாள். முறுக்க முறுக்க ரிங் மேலே ஏறியது. கையை எடுத்தாள். இறங்கவில்லை.

"ஃபர்ஸ்ட் போட்டா ரிவர்ஸ் விழும்மா" என்றாள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "அப்பாக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும், இல்ல?"

தெரிந்திருக்கிறது. வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் இதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். கயிறில்லாமல் இதையே மறுபடி மாட்டியிருக்கலாம். மாட்டியிருந்தால் ஏன் கயிறு கட்டவில்லை என்று நான் கேட்டிருப்பேன், விடமாட்டேன். முருகன் சன்னதியில் வாங்கிய கயிறு நம் பெண்ணை நசுக்கப் பார்த்தது என்று என்னிடம் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. நல்ல பார்ட்டைக் கெட்ட பார்ட் என்று சொல்லிப் பரணில் போட்டுவிட்டு, தேய்கிற கம்பியோடு கடைசிவரை ஓட்டினீர்கள்.

எனக்குத் தாங்காது என்று உங்களுக்கு யார் சொன்னது? அழுதிருப்பேன். இரண்டு நாள் விளக்கேற்றாமல்கூட இருந்திருப்பேன். மூன்றாம் நாள் போய், "அப்பனே, கயிறு கட்டத் தெரியாத கூட்டம் நாங்கள், பிள்ளையை விட்டுவைத்தாயே" என்று அவன் காலில் விழுந்திருப்பேன். என் சாமியை நான் அவ்வளவு லேசாகவா பிடித்திருக்கிறேன்? இதைத்தான் உங்களிடம் நேரில் சண்டை போட்டுக் கேட்க வேண்டும். கேட்க ஆள் இல்லை.

சாவியைக் கொடுத்துவிட்டேன். பகலுக்குள் அவளே மாட்டிவிட்டாள். சாயங்காலம் வல்லக்கோட்டைக்குப் போனோம். குருக்கள் கயிற்றை நீட்டினார். சுவாமி பாதத்திலேயே இருக்கட்டும் என்றேன். எலுமிச்சம்பழத்தை மட்டும் நானே வைத்தேன். வைக்கும்போது ஒரு பழம் உருண்டு ஓடியது, எடுத்துவந்து மறுபடி வைத்தேன். பிறகு வெளியே நிற்காமல் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"பின்னாடி யாரும் இல்லம்மா, கண்ணாடியில பாத்துட்டேன்."

"நீ முன்னாடி பாரு. பின்னாடி நான் பாத்துக்கிறேன்."

கழுத்தைத் திருப்பி அந்தக் கல்தூணையே பார்த்தேன். கியர் விழுந்த சத்தம் சின்னதாகக் கேட்டது. பழங்கள் நசுங்கின. தூண் மெல்ல என்னைவிட்டு விலகியது.

"முன்னாடிதாம்மா போவுது. திரும்பேன்."

பயம் குறையவில்லை. எனக்குத் தெரியாமல் இத்தனை வருடம் நீங்கள் தனியாக வைத்திருந்த பங்கும் சேர்ந்து இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஒரகடம் சாலை வரும்வரை, கழுத்து வலித்தும், நான் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனேன்.