பின் அச்சில் சுறா எண்ணெய்

786
காரைக்கால்
12-9-1956

சைகோனில் இருக்கும் என் கண்மணி மகன் மீரா சாகிபுக்கு உம்மா சஃபியா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வுடைய கிருபையால் நானும் உன் வாப்பாவும் இங்கே உண்டு உடுத்திச் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சளி இருமல் அண்டாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். உன் கடுதாசி வந்தது. படித்ததும் வந்த கோபத்தில் உலையில் அரிசி போட்டதையே மறந்துவிட்டேன், சோறு குழைந்து அன்றைக்குக் கஞ்சிதான். வாப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று ஊரிலிருந்து வந்தவர் சொன்னார், வண்டியை விற்றுவிட்டு அவரை வீட்டோடு இருக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கடல் தாண்டி வந்த மனுஷனுக்கு உன்னிடம் சொல்ல வேறு சேதியே கிடைக்கவில்லையா? பயத்தில்தான் எழுதியிருக்கிறாய் என்று கோபம் ஆறின பிறகு புரிந்தது. இருந்தாலும் இங்கே நடந்ததை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சொல்லு, விற்பதா வேண்டாமா என்று.

வாப்பா இப்போதும் நம் பிக்கப்பில் பட்டினச்சேரியிலிருந்து கருவாடும் வரிச்சிக்குடிப் பக்கமிருந்து தேங்காயும் ஏற்றுகிறார். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு வண்டியின் பின்பக்கத்தில் ஒரு ஊளைச் சத்தம் கிளம்பியது. தெருமுனை திரும்புவதற்கு முன்பே எனக்கு அடுப்படியில் கேட்கும், சரி வந்துவிட்டார் என்று தட்டை எடுத்து வைப்பேன். அவரிடம் சொன்னால் "என் வண்டியில சத்தமா? ஒன் காதுலதான் கோளாறு" என்று என்மேலேயே பாய்ந்தார். பட்டறை சோமசேகரன் பின் சக்கரத்து பேரிங்கை மாற்றிப் பார்த்தார், ஊளை நிற்கவில்லை. இன்னொரு தடவை பார்க்கலாமே என்று அவர் கேட்டதற்கு, "இல்லாத நோவுக்கு எத்தன தடவதான் வைத்தியம் பாப்பீங்க" என்று சண்டை போட்டுவிட்டு வந்தார் உன் வாப்பா. எப்படி இருந்த மனுஷன் தம்பி! தெருவில் எவன் வண்டி போனாலும் வீட்டுக்குள் படுத்தபடியே அதற்கு எங்கே நோகிறது என்று சொல்லுவாரே. நான் பக்கத்தில் நின்று கூப்பிட்டும் திரும்பாததை வழக்கமான வீம்பு என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அந்தியில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தும் எழுந்திருக்காமல் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார், அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பாங்கு அவருக்குக் கேட்கவில்லை, மீரா.

கொஞ்ச நாள் கழித்து விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர் "துப்பட்டியப் போட்டுக்கிட்டு வா" என்றார். யாருக்கு மேலுக்கு முடியவில்லையோ என்று பதறிக்கொண்டு போனால், பிக்கப்பில் முன்னால் ஏறச் சொல்கிறார்! திரை கட்டிய மாட்டு வண்டியை விட்டால் நம் வீட்டுப் பெண்கள் எதில் போயிருக்கிறோம்? யா அல்லாஹ், இந்த வயதில் என்னைச் சந்தி சிரிக்க வைக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன், அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. வாஞ்சூர்ச் சாலைக்கு வந்ததும் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார், "எனக்குக் கேக்கல சஃபியா. ஊளையிடுதுன்னு எல்லாரும் சொல்றாங்க, எப்படி ஊளையிடுதுன்னு இன்னொருத்தன்கிட்ட போய்க் கேக்க எனக்கு வாய் வரமாட்டேங்குது" என்று. அவருக்குக் கேட்கும்படி கத்தினால் ரோட்டில் போகிற ஆம்பிளைகளுக்கெல்லாம் கேட்குமே, என்ன செய்வது? அதற்கும் அவரே வழி சொன்னார், சத்தம் வந்தால் என் கையைப் பிடி, நின்றால் விட்டுவிடு என்று. அப்படியே செய்தேன். வேகம் கூட்ட அவர் மிதித்தால் ஊளை, பிடித்தேன். காலை எடுத்தால் அடங்கிவிடும், விட்டேன். பாலத்து மேட்டில் ஏறும்போது காது கிழிந்தது, நகம் பதிய இறுக்கிவிட்டேன், "மெதுவாடி" என்றார். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து இந்தப் பக்கம் ஒடித்தார், அந்தப் பக்கம் ஒடித்தார், சத்தம் கூடவுமில்லை குறையவுமில்லை, என் பிடியும் மாறவில்லை. கீழவாஞ்சூர் போய்த் திரும்புவதற்குள் அவர் முகம் தெளிந்துவிட்டது. "சக்கரத்துல கோளாறுன்னா ஒடிக்கிறப்ப சத்தம் மாறும். மிதிச்சா மட்டும் கத்துதுன்னா டிப்ரன்ஷியல்தான், அதுலயும் முன்னால இருக்குற பினியன் பேரிங்கு" என்றார். உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பின் சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரித் தொங்குகிறதே அதற்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறதாம், சின்னதைத் தாங்குகிற பேரிங் தேய்ந்துபோனால் இழுக்கும்போதெல்லாம் ஊளையிடுமாம். வீட்டில் என்னை இறக்கிவிட்டு நேரே சோமசேகரனிடம் போய் "எனக்குக் காது போச்சு, கோவிச்சுக்காம வாங்க" என்று சொல்லிக் கையோடு அழைத்து வந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நீ யோசித்துப் பார்.

நம் கொல்லையிலேயே வண்டியைத் தூக்கி நிறுத்தி வேலையை ஆரம்பித்தார்கள். பட்டினச்சேரி ஐயனாரும் கூட இருந்தான், மூட்டை ஏற்றி இறக்கி வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருவானே, அவன்தான். சோமசேகரன் அடித் திருகைக் கழற்றினதும், கறுப்பாக ஆயில் வர வேண்டிய இடத்தில் மஞ்சளாகப் பிசின் மாதிரி எதுவோ வழிந்தது பார், அந்தக் கவிச்சியை என்னவென்று சொல்வேன்! பக்கத்து வீட்டுப் பூனை, எதிர் வீட்டுப் பூனை, நான் இதுவரை கண்ணால் பார்க்காத பூனையெல்லாம் மதிலேறிக் குதித்துவிட்டன. சோமசேகரன் மூக்கைப் பொத்திக்கொண்டு "என்னங்க இது, டிப்ரன்ஷியல்ல மீன் கொழம்பா வச்சிருக்கீங்க" என்று கேட்டார். கதவிடுக்கில் நின்ற எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஐயனார் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கதவோரமாக வந்தான். "நான்தாம்மா ஊத்துனேன். எங்க படகுக்குத் தடவுற சுறா எண்ணெய். வெயிலு உப்பு எல்லாத்தையும் தாங்குமே, இதுக்கும் தாங்கும்னு நெனச்சுட்டேன். சத்தம் லேசா வந்தப்பவே மொதலாளிக்குக் கேக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. போய்ச் சொன்னா அவங்க மனசு ஒடஞ்சுபோயிடும், சத்தத்தையே அடக்கிப்புட்டா ஒருத்தருக்கும் தெரியாதுல்ல" என்றான். மரத்துக்குப் போடுவதை இரும்புக்குப் போட்டால் ஆகுமா? சூடு தாங்காமல் பிசினாகி, அரைகுறையாக இருந்த பேரிங்கை முழுக்கத் தின்றுவிட்டது. அது மட்டுமில்லை, வாஞ்சூர்ச் சாலையில் ஓடுகிற பஸ்காரர்களிடமெல்லாம் எங்கள் முதலாளிக்கு ஆரன் கேட்காது, பார்த்து வாருங்கள் என்று இவனே சொல்லி வைத்திருக்கிறான். ஊரே மூடி மறைத்திருக்கிறது, கட்டிய பெண்டாட்டிக்குத்தான் கடைசியில் தெரிந்தது. என்ன சொல்கிறான் என்று வாப்பா கேட்டார். மறைக்க எனக்கு மனசில்லை, காதோடு வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடித்துவிடுவாரோ என்று பயந்தேன் மீரா, அவர் கை சட்டென்று ஓங்கிவிடும், உனக்குத் தெரியுமே. அவனையே பார்த்துக்கொண்டு நின்றவர், "தெரிஞ்சுமாடா எங்கூட வண்டியில ஏறுன?" என்று கேட்டார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். எண்ணெய்க் கையோடு அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே போய் அழுதேன்.

புது பேரிங் நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. பல்சக்கரங்களுக்குச் சேதமில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் அலசி, பல்லில் காவிக் குழம்பைத் தடவிச் சுற்றிப் பார்த்தார்கள். இரண்டு பல்சக்கரமும் சரியாகப் பொருந்தினால் பல்லின் நடுவில் தடம் விழ வேண்டுமாம், ஓரத்தில் விழுந்தால் உள்ளே மெல்லிய தகடு ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமாம். இறுக்கம் பார்க்கும் வேலையை உன் வாப்பாதான் செய்தார், "இதுக்குக் காது எதுக்கு, வெரலு போதும்" என்று ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். ஒழுங்கான கியர் ஆயில் ஊற்றி மூடினார்கள். ஓட்டிப் பார்க்க மறுபடி என்னைத்தான் கூப்பிட்டார், நானும் இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை. மிதித்தார், விட்டார், பாலத்து மேட்டில் ஏறினார், ஒரு சத்தமில்லை. என் கை சும்மா மடியில் கிடந்தது, அதை அவர் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். திரும்பி வரும்போது பின்னால் ஒரு புது பஸ்காரன் ஆரன் அடிக்கிறான், அடிக்கிறான், இவர் நடு ரோட்டிலேயே போய்க்கொண்டிருக்கிறார். பட்டென்று கையைப் பிடித்தேன். வண்டியில்தான் ஊளை வந்துவிட்டது என்று நினைத்து முகம் செத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் பின்னால் கையைக் காட்டினேன். ஒதுங்கி நிறுத்திவிட்டு, பஸ் போன பிறகும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். "வண்டியச் சரி பண்ணிட்டேன், என்னப் பண்ண முடியலையே" என்றார்.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டோம், காது நரம்பு தளர்ந்துபோனது, மருந்தில்லை என்கிறார்கள். தூரத்து வாடகை ஓட்டத்தை அவராகவே விட்டுவிட்டார். இப்போது ஐயனார் பின்னால் இல்லை, முன்னால் பக்கத்தில்தான் உட்காருகிறான், ஆரன் கேட்டால் கையைப் பிடிக்கிறான். அவன் இல்லாமல் சாவியைத் தொடமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அதுவும் எத்தனை நாளைக்கு என்று எனக்கும் பயம்தான், தினம் வண்டி வீடு திரும்புகிற வரைக்கும் உயிர் என்னிடம் இல்லை. ஆனால் போதும், விற்றுவிடலாம் என்பதை அவர் வாயால் சொல்லட்டும், நீயும் சொல்லாதே, நானும் சொல்லமாட்டேன்.

நீ தலைக்கு எண்ணெய் வை, மழையில் நனையாதே, வெள்ளிக்கிழமைத் தொழுகையை விடாதே. உன் ஆயுளையும் வரும்படியையும் அல்லாஹ் பெருக்கித் தருவான், ஆமீன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கப்பலேறின நாளிலிருந்து என் பேருக்கே எழுதிக் கடைசி வரியில் வாப்பாவுக்கு சலாம் என்று முடித்துவிடுகிறாய். நான் வாசித்துக் காட்டுவேன், அவர் தலையாட்டுவார், அதில் எத்தனை அவர் காதில் விழுந்ததோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இனிமேல் அவர் பேருக்கு எழுது, நிறைய எழுது, வண்டியைப் பற்றிக் கேள். நாங்கள் இங்கே எவ்வளவு கத்தினாலும் அவருக்குப் பாதிதான் போய்ச் சேருகிறது. நீ எழுதினால் ஒரு சொல் விடாமல் கேட்கும்.

உன் உம்மா
சஃபியா