மயிலம் தாண்டி விழுந்த சாந்துக் குப்பி

என் செல்லச் சண்டைக்காரி பிலோமினாவுக்கு,

இன்று காலையில் நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நீ கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. இன்னமும் எது நடந்தாலும் முதலில் உன் வீட்டுப் பக்கம்தான் கால் திரும்புகிறது. அடியே, உன் ஸ்டெல்லா திண்டிவனம் போனாள். நாம் படித்த அதே டிரெயினிங் ஸ்கூலில் உன் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது. போகும்போது அவள் நெற்றியில் என்ன இருந்தது தெரியுமா? இரு, முறையாகச் சொல்கிறேன்.

அந்தச் சாந்துக் குப்பி நினைவிருக்கிறதா? அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் மெழுகைத் தடவி அதன்மேல் ஒற்றுகிற குங்குமமும், அம்மா கொட்டாங்கச்சியில் காயவைத்த கறுப்புச் சாந்தும்தான். விழுப்புரம் வளையல் கடைக்குக் கண்ணாடிக் குப்பியில் சிவப்புச் சாந்து வந்திருக்கிறது என்றதும் ஓடிப்போய் வாங்கினேன்.

மறுநாள் திண்டிவனம் பிளாட்பாரத்தில் மாப்பிள்ளையும் அவர் அக்காவும் என்னைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் இரண்டு குடும்பம் வீட்டுக்கு வந்து பலகாரம் தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவதும் தட்டிப்போனால் தெருவுக்குத் தெரிய வேண்டாம் என்று அம்மாதான் ஸ்டேஷனில் வைத்தாள். "பொண்ணு படிப்ப முடிக்கட்டும், வேலைக்கும் போவட்டும்" என்று சொல்லி அனுப்பியவர் இவர் ஒருவர்தான். இவரை விட்டுவிடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு ஆசை. அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

நாம் தினமும் டிரெயினிங் ஸ்கூலுக்குப் போகிற ரயிலில் என் குங்குமத்தைத் துடைத்துவிட்டு உன்னிடம் நெற்றியைக் காட்டினேன். ஆனால் புதுச் சாந்து எரியுமோ, புண்ணாக்குமோ என்று பயம். "நீ மொதல்ல வச்சிப் பாருடி" என்றேன். வகுப்பில் அத்தனை பேருக்கும் நீதான் பொட்டு எழுதிவிடுவாய். வட்டமோ நீட்டமோ பிறையோ, ஆடாத கை உனக்கு. ஆனால் நீ மாதா கோயில் தெருப் பெண், உன் நெற்றி மட்டும் எப்போதும் வெறுமையாக இருக்கும். அன்று கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தடியாக, வட்டமாக ஒன்று வைத்தாய். வெகுநேரம் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குங்கூட நல்லாத்தான் இருக்குது, இல்ல?" என்றாய்.

"ஸ்டேஷன் வந்துக்கினு இருக்குது, ஜல்தி எனக்கு எழுது" என்றேன். எனக்கு என் கவலை.

மயிலம் எப்போதோ தாண்டியிருந்தது. நீ குச்சியை எடுக்க, வண்டி ஒரு குலுக்குக் குலுக்க, குப்பி ஜன்னல் வழியாகப் போயிற்று.

பிளாட்பாரத்தில் அந்த அக்கா நேரே வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் மாப்பிள்ளையும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா சொல்லி அனுப்பியிருந்த அடையாளம் நமக்கு எப்படித் தெரியும்? "ரெண்டு பொண்ணுங்க சேந்து வரும். பொட்டு வச்சது எங்க பொண்ணு, பொட்டில்லாதது வேதக்காரப் பொண்ணு."

"உம் பேரு இன்னாம்மா?"

"பிலோமினாங்க."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "இன்னாடா இது, வேதத்துலயா நமக்குப் பொண்ணு சொன்னாங்க? வா, போயிடலாம்" என்று தம்பியை இழுத்தார். இருவரும் திரும்பிவிட்டார்கள். நீ ஒரு நொடி யோசித்தாயா? உன் நெற்றியில் ஈரமாக இருந்த சாந்தை விரலால் வழித்தாய். என் முகவாயைப் பிடித்து என் நெற்றியில் வைத்தாய்.

"இதாங்க உங்க பொண்ணு. இவ பொட்டுதான் எங்கிட்ட இருந்துச்சு."

அக்கா பதறிப்போனார். "நெத்திப் பொட்ட அழிக்கலாமாம்மா?"

"நான் வேதக்காரிங்க, எனக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே என் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை உன்னைப் பொட்டு வைக்கச் சொல்லியிருப்பேன்? "எங்க சாமியாரு பாத்தா பேஜாரு" என்று தட்டிக்கழித்துவிடுவாய். காரணம் அது மட்டும்தானா, பிலோமி?

இப்போது நீ பார்க்க வேண்டும். கரி வண்டி போய்க் கரண்டு வண்டி வந்துவிட்டது. பெட்டிக்குள் பெண்களின் நெற்றியில் கலர் கலராகச் சாந்து, புடவைக்கு ஏற்ற பொட்டு, நீளப் பொட்டுக்குக் கீழே வேறு நிறத்தில் ஒரு புள்ளி. உங்கள் தெருப் பெண்களே பூசைக்குப் பொட்டோடு போகிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

காலையில் ஸ்டெல்லா ஓடிவந்தாள். "பெரியம்மா, ஜல்தியா ஒரு பொட்டு வையுங்க. அம்மா ஒரே ஒரு தடவ வச்சாங்களாமே, அதே மாதிரி வட்டமா." உன் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாயே, கள்ளி.

குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. கடைசிச் சாந்தை அப்போதுதான் நான் வைத்திருந்தேன். வண்டிக்கு நேரமாகிறது. என் விரல் தானாக என் நெற்றிக்குப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏம்மா, நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்."

"சும்மா இருங்க. இது பிலோமியோட பொட்டு" என்றேன். அவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

என் கையைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பொட்டு கோணிவிட்டது. ஸ்டெல்லா கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை. "நல்லா இருக்குதா பெரியம்மா?" என்றாள். அவள் கேட்டு முடிக்குமுன் பதில் சொல்லிவிட்டேன்.

சாயந்திரம் புதுக் குப்பி வாங்கிவந்தேன். இனி தினமும் உன் பெண்ணுக்கு நான்தான் எழுதுவேன், வட்டம் வரும்வரை விடமாட்டேன். அவள் கேட்கும்போதெல்லாம் பதிலும் சொல்வேன். நீ கேட்டதற்குத்தான் இருபது வருஷம் தாமதம். நல்லாத்தான் இருந்துச்சுடி. ரொம்ப நல்லா இருந்துச்சு.

உன் ஸ்டெல்லாவின் பெரியம்மா,
சரோஜா, விழுப்புரம்.