தையலறையின் விலை

கீழ்வீடு, மார்ச் 3

மாடியில் இருக்கும் கொழுந்தனாருக்கு அண்ணி எழுதுவது. இங்கே நலம். உங்கள் நலத்தை உங்கள் இருமலே சொல்லிவிடுகிறது.

பேச்சு நின்ற வீட்டில் படிக்கட்டுதான் தபால்காரன். நீங்கள் வைத்த பத்திரம் கிடைத்தது. என் தையலறையை எழுதிக் கொடுத்தால், உங்கள் மகன் வெளியிடப்போகும் கிரிப்டோ டோக்கன் என்ற கம்ப்யூட்டர் காசில் பத்தாயிரம் எண்ணம் தருவீர்களாம். அந்த அறையில் ஓடும் மிஷின்தான் எனக்குச் சோறு.

உங்கள் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே, "அண்ணிக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கூடத்தில் சிரித்தீர்கள். அன்று நீங்கள் போட்டிருந்தது நீலக்கோடு போட்ட சட்டை. அதற்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவளும் நான்தான். கையெழுத்துத் தெரியும். போட மாட்டேன்.

அண்ணி

மாடி, மார்ச் 4

மதிப்புள்ள அண்ணிக்கு,

சட்டைக் கதையை விடுங்கள். நாளை டோக்கன் சந்தைக்கு வருகிறது. ஒன்று நூறு ரூபாய்க்குப் போகும். பத்தாயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். அந்த இருட்டறைக்கு வேறு யார் இவ்வளவு தருவார்? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும்.

கொழுந்தன்

கீழ்வீடு, அன்றே

கொழுந்தனாருக்கு,

தூற்ற முதலில் நெல் வேண்டாமா? பெருக்கல் எனக்கும் வரும். பெருக்கியதை வாங்க ஆள் வருமா? ரவிக்கைக்கு நான் ஆயிரம் என்று வாயால் சொல்லலாம். கொடுத்துவிட்டு எடுத்துப்போக ஒருத்தி வந்தால்தான் அது விலை.

மாடி கட்டும்போது, "கை கொடுங்க அண்ணி, தண்ணி மோட்டார் என் செலவு" என்றீர்கள். கொடுத்தேன். மோட்டார் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

நாளை என் பங்கில் ஆயிரத்தை விற்றுப் பணமாகக் காட்டுங்கள். அப்புறம் கையெழுத்து.

அண்ணி

மாடி, மார்ச் 5

அண்ணிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலையில் டோக்கன் நூற்றுப் பத்து. நாங்கள் குதித்தது உங்களுக்குக் கேட்டிருக்கும். பிறகு உங்கள் ஆயிரத்தை விற்றோம். விற்க விற்க விலை இறங்கி, கடைசியில் ஒன்று ஏழு ரூபாய்க்கு வந்து நின்றது. லட்சத்துக்குமேல் வரவேண்டிய இடத்தில் வந்தது இருபத்தேழாயிரம்.

மகனை உலுக்கினேன். "அப்பா, வாங்கி விக்கறதுக்குன்னு நாங்க போட்டு வச்ச பணமே கொஞ்சம்தான். நாலு பேரு வாங்கினதும் விலை எகிறிடுச்சு. நாம வித்ததும் அந்தப் பணம் வழிச்சுட்டுப் போயிடுச்சு" என்கிறான். மிச்சத்தை வாங்க ஆளில்லை.

அந்த நாலு பேரும் அவன் சிநேகிதர்கள். வந்த பணத்தை அவர்களுக்கே கொடுத்துவிட்டான். குறைந்ததற்குத் தன் பைக்கை விற்கிறான். ஊருக்கெல்லாம் நாளை போகவிருந்த விளம்பரத்தையும் நிறுத்திவிட்டான்.

நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் சோற்றைப் பிடுங்கிய பாவி ஆகியிருப்பேன். பத்திரத்தைக் கிழித்துவிட்டேன்.

கொழுந்தன்

கீழ்வீடு, மார்ச் 6

கொழுந்தனாருக்கு ஜெயித்தவள் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் புரிந்துகொள்வதற்கு ஒரு தரம் படித்தேன். இன்பத்துக்கு எத்தனை தரம் என்று கேட்காதீர்கள். இன்று மிஷினை வேண்டுமென்றே சத்தமாக மிதித்தேன்.

பையனைத் திட்டாதீர்கள். நஷ்டத்திலும் சிநேகிதர்களுக்குத் திருப்பிக் கொடுத்தவன் கெட்டுப்போக மாட்டான். உங்களைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

கிழித்த பத்திரத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும். படியில் வைக்க வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். பேச மாட்டேன். நாற்காலி போடுவேன்.

அண்ணி