போர் வந்த வருடம்

என் தம்பிக் கண்ணுவுக்கு,

நீ போன ஒன்பது மாதத்தில் ரொம்பப் பெரிய ஆளாகிவிட்டாய். உன் நினைவு மலரில் 'எழுத்தாளரின் இளமைக்கால உலகம்' என்றே ஒரு பகுதி வருகிறது. அச்சுப்படியைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் நேற்று கொண்டுவந்தார். மனிதன் நிலவில் கால் வைத்தபோது உனக்கு எட்டு வயதாம், அது உன் கற்பனையைத் தூண்டியதாம். அந்த வாரம் உனக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னத்தில் பற்றுப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.

அடுத்த பக்கத்தில் வங்கதேசப் போர். கீழே ஒரு வரி: 'இப்போரில் தந்தையை இழந்தார்.'

"அப்பா எந்தப் படைப்பிரிவுங்கம்மா?" என்றார் ஆசிரியர்.

"அவரு பல்லடத்தையே தாண்டுனதில்லீங்களே!"

"சூலூருப் பக்கம்னதும் ஏர்ஃபோர்ஸ்னு நெனச்சுப்போட்டமுங்க. ஐயாவே நோட்டுல எழுதியிருக்காருங்க, பாருங்க."

உன் கையெழுத்துதான். 'போர் வந்த வருசம் அப்பா போனார்.'

பாவம், குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவர். நம் தோட்டத்தில் போர் என்றால் பூமியைத் துளைத்துத் தண்ணீர் தேடுவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அப்பா சண்டைக்குப் போனது ஒரே தடவை, வரப்புத் தகராறுக்கு. அதிலும் தோற்றுத்தான் வந்தார்.

அந்த வருடம் மூன்று போர் போட்டோம். மூன்றிலும் புழுதி. மூன்றாவது போர் வண்டி கிளம்பிய மறுநாள் காலை, மாட்டுக்கொட்டகையில் அப்பா தூக்கில் தொங்கியதை முதலில் பார்த்தவள் நான். மாமன் வீட்டிலிருந்து உன்னைக் கூட்டிவந்தார்கள்.

"அக்கா, அப்பனுக்கு என்னாச்சு?"

"நெஞ்சு வலி, கண்ணு."

அம்மா அப்படிச் சொல்லச் சொன்னாள். அவள் காலத்துக்குப் பிறகும் நான் மாற்றிச் சொல்லவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை.

ஆனால் நோட்டில் நெஞ்சு வலியை எழுதாமல் போரை எழுதியிருக்கிறாய். உனக்கு எப்போது தெரிந்தது? யார் சொன்னார்கள்? எனக்குச் சங்கடமாகும் என்றுதான் ஐம்பது வருடம் நெஞ்சு வலியை நம்பிக்கொண்டிருந்தாயா?

"அப்படியே உட்ருங்கம்மா. போர்னா கம்பீரமா இருக்குமுங்க" என்றார் ஆசிரியர். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

யோசித்துவிட்டேன். நாளை அவர் வரும்போது, உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவரிடம் சொல்வேன். எழுதிக்கொள்ளத் தயங்கினால், பேனாவை வாங்கி நானே எழுதுவேன். இனி யார் கேட்டாலும் அப்பாவுக்கு நெஞ்சு வலி வராது, கண்ணு.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் அக்கா