எனக்கான வெள்ளை விளக்கு

கடிதம் எண் 3
கிஃபு, 1968 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.10 மணி

தம்பி யசுஹிகோவுக்கு,

வெயில் கடுமையாக இருக்கிறது. நகோயாவில் நீயும் உன் புதிய கடையும் நலமா? ஏப்ரல் 9, மே 17 ஆகிய தேதிகளில், காகித விளக்கு செய்யும் அப்பாவின் மர அச்சைத் திருப்பித் தரும்படி எழுதியிருந்தேன். பதில் இல்லை. காரணம் சென்ற ஞாயிறன்றுதான் விளங்கியது. இறந்தவனுக்கு யாரும் பதில் எழுதுவதில்லை.

அன்று விடுதிக்கார ஒகுமுரா அம்மையார் கறுப்பு உடையில் வந்தார். மூங்கில் இழைமேல் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த என்னைக் கண்டதும் குடையைக் கீழே போட்டுவிட்டார். “ஐயோ, நீங்க போய்ச் சேர்ந்துட்டதா உங்க தம்பி அழுதாரே! அண்ணனோட அச்சும் தொழிலும் இனி என்னோடதுன்னாரே! நாங்க எல்லாரும் இந்த வருஷ விளக்குக்கு அவர்கிட்டயே சொல்லிவச்சுட்டோமே!” என்றார். “செத்தவன் கையில இவ்வளவு பசை ஒட்டியிருக்காதும்மா” என்றேன். அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

நாற்பத்தொரு வருடம் என் பெயரை நம்பி விளக்கு வாங்கியவர்களை, என்னைக் கொன்று எடுத்துக்கொண்டாய். இருக்கட்டும். ஆனால் முறையாகச் செய்திருக்க வேண்டாமா? வீட்டில் ஒருவர் இறந்தபின் நீத்தார் திரும்பி வரும் முதல் பண்டிகைக்கு, சித்திரமும் குலச்சின்னமும் இல்லாத வெள்ளை விளக்கை வாசலில் தொங்கவிட வேண்டும். விளக்கு விற்கும் உன் வாசலில் அப்படி எதுவும் இல்லையாம்.

ஆகவே நானே செய்துவிட்டேன். அச்சை நீ தூக்கிப்போனதால் புதிதாக ஒன்று செதுக்க வேண்டியதாயிற்று. காகிதம் காய்ந்ததும் உள்ளிருந்த அச்சின் எட்டுப் பலகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கின் வாய்வழியே சுலபமாக வெளிவந்தன. அப்பாவின் அச்சில் மூன்றாம் பலகை எப்போதும் சிக்கும். காகிதத்தைக் கிழித்திருப்பாயே?

பண்டிகை தொடங்கும் ஆகஸ்ட் 13, செவ்வாய் மாலை, எனக்கு ஊதுவத்தி ஏற்ற உன் வீட்டுக்கு வரும்படி நம் பழைய வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் அம்மையார் சொல்லிவிட்டார். நான் உயிரோடிருப்பதை மட்டும் சொல்லவில்லை. விளக்கு இல்லையென்றால் ஊர் உன்னைத்தான் கேட்கும்.

இருட்டுமுன் ஏற்றிவிடு. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இறந்தவர்கள் வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பார்கள். நானும் சரியாக ஏழு மணிக்கு வந்துவிடுவேன்.

நீ நெடுங்காலம் வாழ வேண்டும். குறைந்தது அன்று மாலை வரையாவது.

உயிரோடிருக்கும் உன் அண்ணன்,
ஹிரோசே கன்ஜிரோ

இத்துடன் இணைத்திருப்பவை:
1. வெள்ளை விளக்கு, மடித்தது, ஒன்று.
2. மெழுகுவத்தி, இரண்டு.
3. அம்மையார் எனக்காகக் கொண்டுவந்த ஊதுவத்தி, ஒரு கட்டு. பிரிக்கவில்லை. நான் வந்த பிறகு ஏற்று.