கபடி அணிக்குச் சாமான் வாங்கியவளுக்கு

இன்று காலை தவளக்குப்பத்தில் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது நெத்திலி வாசனை வந்தது. உன் தோளைத் தட்டிக் கூப்பிட என் கை தானாகப் போனது. பக்கத்தில் யாரும் இல்லை. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. என் கைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஞாயிறுதோறும் நம் அணிக்குச் சாமான் வாங்குவது நம் இருவர் பொறுப்பு. வீராம்பட்டினத்து மீன்காரம்மா மகள் நீ. மீனின் கண்ணைப் பார்த்தே நேற்றைய மீனா இன்றையதா என்று சொல்லிவிடுவாய். கொண்டைக்கடலை, வேர்க்கடலை, பச்சைப்பயறு, முட்டை, மத்தி. எவளுக்கு எது ஒத்துக்கொள்ளாது, எவள் வீட்டில் அவள் பங்கு தம்பிக்குப் போய்விடும் என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. "முட்டைய அவிச்சே குடுத்துருவோம்டி. இங்கியே நம்ம கண்ணெதிர்ல துன்னட்டும்" என்பாய். புரோட்டீன் பவுடர் டப்பா வேண்டுமென்று கேட்டவளிடம், "மொதல்ல மத்திய துன்னுட்டு வா, அப்புறம் பேசு" என்றாய். கனமான பை எப்போதும் உன் கையில்தான். நீ மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

அப்படிப்பட்ட நீ, அன்று ஆட்டத்தில் ரெய்டு போய் இருவரைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தாய். உட்கார்ந்தாய். "கண்ணு இருட்டுதுடி" என்றாய். விளையாடுகிறாய் என்று நினைத்து உன் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். நீ கண் திறக்கவில்லை.

கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறவியிலேயே உன் இதயத்தில் கோளாறு என்று பிறகு சொன்னார்கள். யாருக்கும் தெரியாது. உனக்கே தெரியாது. உன் ஷூவை மார்போடு அணைத்தபடி வராண்டாவில் நின்றேன். மீன் செதில் ஒட்டிய கையோடு உன் அம்மா ஓடி வந்தார். அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நல்லாத்தானம்மா சாப்ட்டா?"

"நல்லா சாப்ட்டாம்மா."

அது உண்மை. அந்த உண்மைதான் இன்றுவரை என்னை உலுக்குகிறது. தசைக்கு என்ன வேண்டும், எலும்புக்கு என்ன வேண்டும் என்று அவ்வளவு யோசித்தோமே. உள்ளே அடித்துக்கொண்டிருந்ததை யாரும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லையே!

சில வாரங்கள் சந்தைப் பக்கமே போகவில்லை. பிறகு பயிற்சியாளரிடம், "சாப்பாடு அப்புறம் சார். மொதல்ல எல்லாரும் டாக்டர்ட்ட நெஞ்ச காட்டிட்டு வரணும்" என்றேன். அவரே நாள் குறித்தார். பெண்கள் எல்லோரையும் பஸ்ஸில் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். உனக்குப் பிறகு சேர்ந்த ஒருத்திக்கு அதே கோளாறு. இனி ஆடக்கூடாது என்றார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல! நா நல்லாதான் இருக்கேன்!" என்று அந்த வராண்டாவிலேயே கத்தினாள். நீ இருந்திருந்தால் நீயும் அதைத்தான் கத்தியிருப்பாய். அவள் பல நாள் என்னோடு பேசவில்லை. இப்போது மருந்து சாப்பிடுகிறாள். ஆட்டத்தன்று ஓரமாக உட்கார்ந்து புள்ளி எழுதுகிறாள். கோபம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் இருக்கிறாள்.

ரெய்டு போனவள் திரும்பும்போது எல்லோரும் புள்ளியைப் பார்க்கிறார்கள். என் கண் அவள் நெஞ்சுக்குப் போகிறது.

"இன்னாக்கா அப்டி பாக்கற?"

"ஒண்ணும் இல்ல. மூச்சு வுடு."

அவள் சிரித்துக்கொண்டே மூச்சு விடுகிறாள். அதன் பிறகுதான் நான் விடுகிறேன்.